டிராகனுக்கும் பூதத்துக்கும் உள்ள வித்தியாசம் குறித்து

பெருமதிப்பிற்குரிய சிறுவர் பத்திரிகை ஆசிரியர் அவர்களின் சமூகத்துக்கு, ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், பக்கம் கட்டுகிறவர் முதல் பார்சல் கட்டுகிறவர் வரை தங்கள் அலுவலகத்தார் அனைவரும் சுகமாக இருக்கவேண்டும் என்பது என் விருப்பம். இங்கே நானும் என் மனைவியும் சுகம். சுகம் என்று எழுதுவது வழக்கத்தை முன்னிட்டுத்தான். உண்மையில் எனக்குப் பசி போய், தூக்கம் போய், முடிவெட்டிக்கொள்ளப் போகும் தைரியமும் போய்விட்டது. காரணம் தங்கள் பத்திரிகை. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். கோபம் போன மாதமே தீர்ந்துவிட்டது. இப்போது நடந்ததை மட்டும், எதையும் கூட்டாமல் குறைக்காமல், சரக்கு இருப்பு எழுதுகிற மாதிரி எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தண்ணீர் பம்பு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் மாலை போட்டு அனுப்பிய நாள் வரை ஸ்டோர் என் பொறுப்பில் இருந்தது. கம்பிவலை போட்ட ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் உலகம். தேய்ந்த போல்ட்டைக் கொண்டுவந்து காட்டினால்தான் புது போல்ட் கொடுப்பேன். கையுறை கிழிந்துவிட்டது என்றால் கிழிந்த கையுறை வரவேண்டும், அதுவும் இரண்டு கையும் வரவேண்டும். ஒருமுறை மேனேஜரே வந்து அவசரம் என்று ஒரு வாஷர் கேட்டார். பழசு எங்கே சார் என்றேன். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் போய்ப் பழசைத் தேடி எடுத்துக்கொண்டுதான் வந்தார். அதனால் தொழிலாளர்கள் எனக்குப் பூதம் என்று பெயர் வைத்திருந்தார்கள். புதையல் காக்கிற பூதம். முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள், ஆனால் ஸ்டோரில் எதிரொலி கேட்கும். நான் வருத்தப்பட்டதில்லை. பூதம் என்பது பொறுப்பான உத்தியோகம்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்குமா? வீட்டின் பின்பக்கத்து அறையை நான் ஒழுங்கு செய்து வைத்திருக்கிறேன். மற்றவர்கள் அதைக் குப்பை அறை என்பார்கள். அதில் இருப்பவை: பூட்டு தொலைந்த சாவிகள், சாவி தொலைந்த பூட்டுகள் (இவை தனித்தனி பிஸ்கட் டப்பாக்களில்), கழற்றிய குழாய்கள், மின்விசிறி இறக்கைகள், குடைக்கம்பி, பாத்திரம் போய்விட்ட மூடிகள், முதுகு இல்லாத ரேடியோ, பாதி தீர்ந்த பெயிண்ட் டப்பாக்கள், மூன்று கால் மேசை ஒன்று, அப்புறம் ஜன்னலை மறைத்துக்கொண்டு உத்தரம் வரைக்கும் பழைய செய்தித்தாள். யாராவது இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் நான் சொல்வது ஒரே பதில்: "எதுக்காவது ஆகும்." என் வாயில் இது ஒரு நாளைக்குப் பலமுறை வரும் என்று என் மனைவி சொல்வாள். இந்த வாக்கியத்தைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். வழக்கே இதில்தான் இருக்கிறது.

தெருமுனை சலூனுக்கு முடிவெட்டப் போனேன். கழுத்தில் துணியைக் கட்டி, தலையில் தண்ணீர் தெளித்த பிறகு அந்தச் சலூன்காரர் கத்தரியை எடுக்காமல் தங்கள் பத்திரிகையை எடுத்தார். தன் பிள்ளைகளுக்காக வாங்குகிறாராம், முதலில் தானே படித்துவிடுவாராம். "சார், இதுல ஏழாம் மலை டிராகன்னு ஒரு தொடர் வருது, கேளுங்க" என்று சத்தமாகப் படித்தார். காத்திருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். மூன்று இளவரசர்கள் ஏழு மலை தாண்டிக் குகைக்குப் போகிறார்கள். உள்ளே மலை மலையாகத் தங்கம். அதன் மேல் ஒரு டிராகன் சுருண்டு கிடக்கிறது. மூத்த இளவரசன் ஒரு வாள் கேட்கிறான். அதற்கு டிராகன் சொல்கிறது: "ஒடஞ்ச வாளைக் கொண்டா. பழசைக் காட்டினாத்தான் புதுசு." சலூனில் சிரிப்பு. நடு இளவரசன், இந்தப் பூட்டில்லாத சாவியெல்லாம் உனக்கு எதற்கு என்று கேட்கிறான். டிராகன் மூக்கில் புகை விட்டுக்கொண்டு சொல்கிறது: "எதுக்காவது ஆகும்." சலூன்காரர் பத்திரிகையை இறக்கி, கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சார், இது அப்படியே உங்கள மாதிரியே பேசுது சார்" என்றார். என் முகத்தில் ஈயாடவில்லை. கழுத்தில் துணி கட்டியிருந்ததால் எழுந்து போகவும் வழியில்லை. முடி வெட்டி முடிக்கும் வரை அங்கேயே டிராகனாக உட்கார்ந்திருந்தேன்.

அன்றே பழைய இதழ்களையும் வாங்கிவந்து முதலிலிருந்து படித்தேன். ஆசிரியர் அவர்களே, அந்தக் குகையில் சாவிகள் ஒரு டப்பாவிலும் பூட்டுகள் வேறு டப்பாவிலும் இருக்கின்றன. எந்த டிராகன் இப்படிப் பிரித்து வைக்கும்? நெருப்பு கக்குகிற பிராணிக்கு இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது? இது ஸ்டோரில் பழகியவன் செய்கிற காரியம். படிக்கும்போது எனக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் தலைப்பின் கீழே "கொடிய டிராகன்" என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் அந்தப் பெருமை ஓடிப்போய்விட்டது.

யார் எழுதுகிறார்கள் என்று பார்த்தால் "ஒருத்தி" என்று புனைபெயர். ஒருத்தி என்று போட்டுவிட்டால் பெண் என்று நம்பிவிடுவோமா? ஆண்பிள்ளைகள்தான் இப்படி ஒளிந்துகொண்டு எழுதுவார்கள். எனக்குச் சட்டென்று மாப்பிள்ளை மேல் சந்தேகம் வந்தது. மகளைக் கட்டிக்கொண்ட புதிதில் அந்த அறைக் கதவைத் திறந்து பார்த்து, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினவர் அவர். நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். உடனே போன் போட்டேன். "மாப்பிள்ளை, மறைக்காமச் சொல்லுங்க, டிராகன் நீங்கதானே?" என்றேன். "மாமா, நான் மீட்டிங்ல இருக்கேன்" என்றார். "மீட்டிங்ல இருந்தா என்ன, ஆமாவா இல்லையா?" என்றேன். போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது, எனக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். "அப்பா, அவரை எல்லார் முன்னாடியும் டிராகன்னு திட்டினீங்களாமே? இப்போ ஆபீஸ்ல எல்லாரும் அவரை அப்படியே கூப்பிடறாங்களாம். அவர் சாப்பிடாமப் படுத்துட்டார்." அது இல்லம்மா, எழுதறது அவரான்னுதான் கேட்டேன் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் ஆபீஸ் மெயில் தவிர வாழ்க்கையில் ஒரு வரி எழுதினதில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். மாப்பிள்ளை இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த நஷ்டத்தைத் தங்கள் பத்திரிகையின் பெயரில்தான் எழுதவேண்டும்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். வேறு ஏதோ தேடிக்கொண்டு அறைக்குள் போனவன் மேல் அந்தச் செய்தித்தாள் அடுக்கின் முன்வரிசை அப்படியே சாய்ந்துவிட்டது. முழுதாக மூடிவிட்டது. இரண்டு கால் மட்டும் வெளியே. என் மனைவி ஓடிவந்து காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தாள். எடுத்ததும், அடிபட்டதா என்று கேட்பதற்கு முன்னால், சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அது போகட்டும். கொஞ்ச நாளில் வந்த தங்கள் இதழில் என்ன இருந்தது தெரியுமா? டிராகன் தன்னுடைய புதையலுக்கு அடியிலேயே புதைந்து கிடக்கிறது, வால் மட்டும் வெளியே தெரிகிறது, வாலைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றுகிறார்கள்! நான் உட்கார்ந்து யோசித்தேன். அன்றைக்கு வீட்டில் என் மனைவியைத் தவிர வேறு யாரும் இல்லை. வெளியே இருந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கலாம் என்றால், ஜன்னலைத்தான் செய்தித்தாள் மறைத்திருக்கிறதே. ஆகவே மாப்பிள்ளை அறைக்குள் ரகசியமாகக் கேமரா வைத்திருக்கிறார் என்ற முடிவுக்கு வந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். கேமரா கிடைக்கவில்லை. முன்பு எங்கேயோ போட்ட கண்ணாடிக் கூடு ஒன்று கிடைத்தது, எடுத்துப் பத்திரப்படுத்தினேன்.

என் மனைவியிடம் சொல்லி ஆறுதல் தேடலாம் என்றால் அவளுக்கு இதில் அக்கறை இல்லை. இப்போதெல்லாம் அவள் எந்நேரமும் சமையலறை மூலையில் இஸ்திரி மேசையோடுதான் இருக்கிறாள். நான் எப்போது எட்டிப் பார்த்தாலும் சட்டென்று பெட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பிக்கிறாள். காலையில் பார்த்த அதே சட்டை சாயங்காலமும் மேசை மேல் கிடக்கிறது. வேலையில் இருந்த காலத்தில் கசங்கிய சட்டையோடு போனவன், இப்போது சலூனுக்குக்கூட விறைப்பான சட்டையில் போகிறேன். போன வாரம் ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகுப் பக்கம் முழுக்க நீல மை. எப்படி என்று கேட்டேன். சாயம் போயிருக்கும் என்றாள். வெள்ளைச் சட்டையில் என்ன சாயம் என்று நான் கேட்கவில்லை. வயதான காலத்தில் எதற்கு வம்பு?

இனி கதையின் குறைகளுக்கு வருகிறேன். இளவரசர்களுக்குச் சமைத்துப்போட ஒரு பெண் கூடவே வருகிறாள். நெருப்பையும் புகையையும் தாண்டி டிராகன் முன்னால் போய் நிற்கிறாள். வைரம் கேட்கலாம், கிரீடம் கேட்கலாம். அவள் என்ன கேட்கிறாள்? "தங்கமெல்லாம் நீங்களே வெச்சுக்கோங்க. எனக்கு அந்த ஜன்னல் பக்கம் உக்கார்ற அளவுக்குக் கொஞ்சம் இடம் போதும்." குகைக்கு ஏது சார் ஜன்னல்? அப்படியே இருந்தாலும், ஏழு மலை ஏறி இறங்கி உட்காரவா ஒருத்தி வருவாள்? குழந்தைகள் படிக்கிற கதையில் கொஞ்சமாவது தர்க்கம் வேண்டாமா? என் மனைவிகூட ஒருமுறை அந்தப் பின்னறையில் ஜன்னல் பக்கம் இடம் கேட்டாள். எதுக்கு என்றேன். சும்மா உக்காரத்தான் என்றாள். ஹாலில் நாற்காலி இருக்கிறதே என்றேன். அதோடு விட்டுவிட்டாள். நியாயமானவள். இந்தக் கதைப் பெண்ணுக்கு அந்த நியாயம் தெரியவில்லை, இதழுக்கு இதழ் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த ஜன்னல் சமாசாரத்தை அடியோடு நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது முக்கியமானது. டிராகன் வேறு, பூதம் வேறு. டிராகன் தனக்கென்று சேர்த்து வைத்துக்கொண்டு அதன் மேல் படுத்துக்கொள்ளும். பூதம் அப்படியல்ல. பூதம் இன்னொருத்தர் பொருளுக்குக் காவல். உரியவர் வந்து கேட்டால் எழுந்து வழி விட்டுவிடும், தனக்கென்று ஒரு துரும்பு எடுத்துக்கொள்ளாது. நான் அந்த ஜாதி. என் அறையில் இருக்கும் ஒரு குழாய்கூட எனக்காக இல்லை, தேவைப்படுகிறவர்களுக்காக. தேவை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தைத் தெளிவாக்கி, "கொடிய" என்ற சொல்லை எடுத்துவிட்டு, ஒரு சிறு விளக்கக் குறிப்பு போடவேண்டும்.

கடைசியாக, போன இதழின் முடிவில் தடித்த எழுத்தில், "அடுத்த இதழில்: ஈட்டி பாயும்!" என்று போட்டிருக்கிறீர்கள். சலூன்காரர் அதைப் படித்துவிட்டு, "அடுத்த வாட்டி உங்க கதை முடிஞ்சுது சார்" என்று தமாஷாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் பழைய இரும்பு வாங்குகிறவர் தன் தள்ளுவண்டியை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு, வீட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மரியாதையாக வணக்கம் சொன்னார். அந்த மரியாதைதான் என்னை என்னவோ செய்தது. எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? டிராகன் செத்த மறுநாள் அந்தக் குகையில் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தூக்கு, கட்டு, வண்டியில் ஏற்று. ஒரு டப்பாவைக்கூட யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். ஆகவே டிராகனைக் கொல்லவேண்டாம். இது என் கோரிக்கை அல்ல, வேண்டுகோள். எழுதுகிறவர் சம்மதிக்காவிட்டால் அவரை நிறுத்திவிட்டு, நல்ல மனமுள்ள வேறு யாரையாவது வைத்துத் தொடரை முடிக்கவும். அந்த ஒருத்தி யார் என்பதையும் பதில் தபாலில் தெரிவிக்கவும். மாப்பிள்ளையானால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

தங்கள் பத்திரிகை பல்லாண்டு வளரவும், தங்கள் அச்சு இயந்திரத்தின் ஒரு போல்ட்டும் தேயாமல் ஓடவும், தேய்ந்தால் பழசைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ளவும் மனதார வாழ்த்துகிறேன். தங்கள் இல்லத்தில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு என் ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பூதம்,
ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர்

பி.கு.: இன்னொருவர் கண் பார்க்காமல் எந்தத் தாளும் என் ஸ்டோரை விட்டு வெளியே போனதில்லை. அந்த வழக்கப்படி இந்தக் கடிதத்தைச் சமையலறைக்கு எடுத்துப்போய் என் மனைவிக்குப் படித்துக்காட்டினேன். அவள் இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள். ஜன்னல் விஷயம் வந்தபோது பெட்டி கொஞ்சம் நின்றது, பிறகு ஓடியது. ஈட்டி பாயும் என்ற இடம் வந்ததும் தலை நிமிராமலே, "ஈட்டியெல்லாம் குறி தப்பிடும். டிராகன் சாகாது" என்றாள்.

"அடுத்த இதழே இன்னும் வரலையே, உனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

சட்டை கருகுகிற வாசனை வந்தது. பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

ஆசிரியர் அவர்களே, நான் சரக்கைப் பார்த்தே எந்த மெஷினில் கழற்றியது என்று சொல்லக்கூடியவன். அந்த மேசையையும் மையையும் என் கால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

"சாகலேன்னா அப்புறம் என்ன ஆகும்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தாகவேண்டும்.

"என்ன ஆகும்? கொஞ்சம் நகர்ந்து உக்காரும். அவ்வளவுதான்."

"அந்தக் கொடியங்கிற வார்த்தை?"

"அது நான் போடலை. பத்திரிகைக்காரங்க போட்டது."

ஆகவே அந்த ஒரு சொல்லைப் பற்றிய புகார் மட்டும் தங்கள் பேரில் நிலுவையில் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எழுதுகிறவரை நிறுத்தவேண்டாம். குகைக்கு ஜன்னல் உண்டு, நான் பார்த்தேன். செய்தித்தாளை எல்லாம் நகர்த்தியபோது ஜன்னல் கதவு இறுகிப்போயிருந்தது, என் எண்ணெய் டப்பா உதவியது. வெளியே தெரிவது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான். இதைப் பார்த்துக்கொண்டு எப்படி ஏழு மலையை எழுதப்போகிறாள் என்று தெரியவில்லை, அது அவள் இலாகா. மூன்று கால் மேசையை அங்கே போட்டு, நாலாவது காலுக்குப் பெயிண்ட் டப்பாக்களை அடுக்கி, ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. எதுக்காவது ஆகும் என்று சொன்னால் யார் கேட்டார்கள்? அவள் வந்து பார்த்தாள், உட்கார்ந்தாள், மேசையைக் கையால் தடவினாள். ஏதாவது சொல்வாள் என்று நின்றுகொண்டிருந்தேன். "போறப்போ கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றாள். சாத்திவிட்டு வந்து ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன். மாப்பிள்ளைக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாயிற்று. "பரவாயில்ல மாமா, பழகிடுச்சு" என்றார்.

இந்தக் கடிதத்துக்குத் தனியாக ஸ்டாம்பு எதற்கு என்று அவளே அடுத்த அத்தியாயத்தோடு தன் உறையில் வைத்து அனுப்புகிறாள். ஆனால் ஒன்று. படித்து முடித்ததும் கசக்கிக் கூடையில் போட்டுவிடாதீர்கள். எல்லாத் தாளும் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. அவளிடமே திருப்பி அனுப்பிவிடுங்கள், அடுத்த தொடருக்கு ஆகும்.